செல்விக்கு அனுப்பிய மாத்திரை

1

இன்று நான் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று ஆய்வகத்துக்கு ஃபோன் செய்து சொல்லிவிட்டேன். ஏழு வருஷமாக இந்த ஒரு நாளில் மட்டும் இதே பொய்யைச் சொல்லி வருகிறேன். அங்கே அதைக் கேட்பவருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். ஆனால் எதுவும் கேட்பதில்லை. ஜெர்மனியில் எனக்குப் பிடித்த விஷயம் அது. பிடிக்காத விஷயமும் அதுதான்.

என் மகள் யாழினி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. நான் லுங்கியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னைக்கு லீவா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"அத்தை செத்த நாளும்மா" என்று தமிழில் சொன்னேன்.

"எந்த டாண்டே?"

இந்த ஊரில் அப்பாவின் தங்கையும் டாண்டே, அம்மாவின் அக்காவும் டாண்டே, கீழ்வீட்டில் நாய் வளர்க்கும் அம்மாளும் டாண்டே. அதனால் 'எந்த' என்று அவள் கேட்டதில் தப்பில்லை. ஊரை விட்டு வரும்போது அவளுக்கு இரண்டு வயது. செல்வி அவளை இடுப்பிலேயே வைத்திருந்தாள் என்பதும், ரயிலில் ஏற்றிவிடும்போது பிள்ளையை எங்களிடம் கொடுக்காமல் பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள் என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்?

"செல்வி அத்தை" என்றேன். "ஓ" என்றாள். பிறகு பஸ் வந்துவிட்டது.

அவளுக்கு முழுவதையும் சொல்ல என்னிடம் ஜெர்மன் போதாது. கேட்டுப் புரிந்துகொள்ள அவளிடம் தமிழ் போதாது. அதனால் ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்கிறேன்.

2

செல்வி என்னைவிட ஐந்து வயது இளையவள். முழுப்பெயர் பாண்டிச்செல்வி. எங்கள் ஊர் மதுரையை அடுத்த பரவைக்குப் பக்கம். அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். பிற்காலத்தில் பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், இரண்டாவது அவள். நான் படித்துப் படித்து ஜெர்மனி வந்து சேர்ந்தேன். அவள் பி.எட். முடித்து, கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர் ஆனாள். தினமும் மொபெட்டில் போய் வருவாள். மழை பெய்தால் புத்தகப் பைக்கு பிளாஸ்டிக் உறை போடுவாள். தனக்குப் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவள் கணவர் அய்யனார். சொந்தமாக ஒரு வேன் வைத்து, மார்க்கெட்டிலிருந்து கடைகளுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அவர்களுக்கு அப்போது நான்கு வயதில் ஒரு மகள், கவிதா. எங்கள் அம்மாவும் அவர்களோடுதான் இருந்தார்.

நான் அப்போது என்ன வேலை பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

நம் உடம்பில் அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு இருக்கிறது. அதற்குள் மரபணுக்களின் மேல் சில புரதங்கள் உட்கார்ந்திருக்கும். உட்கரு ஏற்பிகள் என்று பெயர். ரத்தத்தோடு வரும் ஹார்மோன் மாதிரியான சின்னச் சின்னப் பொருள்கள் செல்லுக்குள் புகுந்து, நேரே போய் இந்தப் புரதங்களில் பொருந்திக்கொள்ளும். பொருந்திய உடனே சில மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும், சில ஓய்ந்துபோகும். அந்தச் செல் இனிப் பெருகுமா, முதிருமா, சாகுமா என்பது பல சமயம் அந்த இடத்தில்தான் முடிவாகிறது.

மார்பகப் புற்று பலவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தூண்டப்பட்டால் செல்கள் பெருகும். அதே குடும்பத்தில் இன்னொரு ஏற்பி உண்டு. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் அதில் பொருந்தும். ஒருவகை ரத்தப் புற்றில் இந்த ஏற்பி வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பிறழ்ந்துவிடுகிறது. அதனால் வெள்ளணுக்கள் முதிராமல், இளசாகவே நின்று, பெருகிக்கொண்டே போகின்றன. உடம்பில் இயல்பாக இருக்கும் அமிலத்தின் அளவு அந்தப் பூட்டைத் திறக்கப் போதாது. மருந்தாக அதிகமாகக் கொடுத்தால் திறக்கும். நின்றுபோன செல்கள் முதிர்ந்து, பெருகுவதை நிறுத்தி, தங்கள் ஆயுள் முடிந்து தாமே சாகும்.

மூன்று வருஷம் நான் அந்தச் செல்களைத்தான் வளர்த்தேன். பெருக விட்டு எண்ணுவேன். மருந்து கலந்து மறுபடி எண்ணுவேன். அதற்காக ஒரு நாட்டில் எனக்குச் சம்பளமும் வீடும் கொடுத்திருந்தார்கள்.

3

அது ஒரு திங்கட்கிழமை. அய்யனார் கோரிப்பாளையத்தில் ஒரு டெலிஃபோன் பூத்திலிருந்து பேசினார். பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.

"மச்சான், செல்விக்குப் பத்து நாளாப் பல்லு வெளக்குனா ரத்தம் வருது. காலெல்லாம் ஊதாக் கலர்ல திட்டுத் திட்டா இருக்கு. வண்டியில இடிச்சிருப்பான்னு விட்டுட்டோம். கே.கே. நகர் டாக்டரு எலும்புக்குள்ள ஊசிவிட்டு எடுத்துப் பாத்தாரு. என்னமோ ஒரு பேரு சொன்னாரு. எழுதி வாங்கியாந்திருக்கேன். வாசிக்கவா?"

"வாசிங்க மாப்ள."

ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். ஏ, சி, யூ என்று ஆரம்பித்தார். முதல் வார்த்தை முடிந்து இரண்டாவது வார்த்தையில் நான்காவது எழுத்து வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தினமும் நோட்டில் எழுதுகிற பெயர் அது. அவர் நிறுத்தாமல் கடைசி எழுத்துவரை பொறுமையாக வாசித்தார்.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை. நிம்மதி. ரத்தப் புற்று என்று அவர் தொடங்கியிருந்தால் இடிந்துபோயிருப்பேன். ஆனால் அந்த நோய்களில் மாத்திரை கொடுத்துத் திருப்ப முடிந்தது இது ஒன்றுதான். அதைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எங்கள் ஜில்லாவிலேயே இருக்க மாட்டான் என்ற ஒரு கர்வமும் அந்த நிம்மதிக்குள் இருந்தது.

"பயப்படாதீங்க மாப்ள. இருக்கிறதுலயே இதுதான் நல்ல நோயி" என்றேன்.

அப்படிச் சொன்னேன்.

மறுநாள் அந்த டாக்டரோடு பேசினேன். "ஸ்லைடுல செல்லுக்குள்ள விறகுக்கட்டு மாதிரி குச்சிகுச்சியா இருக்கு சார். சந்தேகமே இல்ல" என்றார். "மாத்திரைதான் நம்ம ஊர்ல இல்ல. மெட்ராஸ்ல ஒருத்தர்ட்ட சொல்லிவச்சிருக்கேன். வர்றதுக்குப் பத்து நாளாகும்ங்கிறாரு. நீங்க அங்கேருந்து அனுப்புனா முந்திரும். அதுவரைக்கும் பிளேட்லெட் ஏத்திக்கிட்டு இருக்கோம். மாத்திரை இல்லாம கீமோ மட்டும் ஆரம்பிச்சா செல்லுக ஒடைஞ்சு ரத்தக்கசிவு கூடிரும். இந்த நோயில மொத ரெண்டு வாரந்தான் ஆளக் கொல்லும். அதத் தாண்டிட்டா ஜெயிச்சுரலாம்."

4

நானே மாத்திரையோடு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. தங்கும் அனுமதியை நீட்டிப்பதற்காக வெளிநாட்டினர் அலுவலகத்தில் கொடுத்திருந்தேன். புதன்கிழமை காலையில் அங்கே போய், எண் போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அவசரமாக ஊருக்குப் போக வேண்டும், என் தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று ஜெர்மனில் சொன்னேன். தங்கைக்கு அவர்கள் சொல்வது ஷ்வெஸ்டர். நர்ஸுக்கும் அதே வார்த்தைதான்.

"அப்படியா, நல்ல வேலை" என்றார் அந்த அம்மா. "எந்தப் பிரிவில் இருக்கிறார்?"

நம் ஊரிலும் நர்ஸை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். அந்த நேரத்தில் அதெல்லாம் ஓடவில்லை. நோயாளி, நோயாளி என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் முகம் மாறியது. உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் பாஸ்போர்ட் வேறொரு ஊர் அலுவலகத்தில் இருந்தது. திரும்பி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். நாட்டை விட்டுப் போவதென்றால் தூதரகத்தில் வேறு தாள் வாங்கிப் போகலாம், ஆனால் திரும்பி வர முடியும் என்று உத்தரவாதம் தர முடியாது என்றார். மனைவியும் குழந்தையும் இங்கே. வேலை இங்கே. "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்தேன். யோசித்திருக்கவே கூடாது என்று பிற்பாடு தோன்றியது.

அன்று மத்தியானம் ஆய்வகத்தில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஃப்ரீசரில் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் அந்த மருந்து பொடியாக இருந்தது. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் மஞ்சள் விளக்கில்தான் திறப்போம். மாத்திரைக்குள் இருப்பதும் இதே பொருள்தான். 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குக் கொடுக்கக் கூடாது' என்று மேலே அச்சிட்டிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு ஆராய்ச்சி மாணவர் மறுநாள் காலை விமானத்தில் சென்னை போகிறார். அங்கிருந்து ரயிலில் யாராவது கொண்டுபோனால் வெள்ளிக்கிழமை மருந்து மதுரையில் இருக்கும். செல்வியின் எடை, உயரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பொடியைத் தராசில் நிறுத்தேன். சின்னக் குப்பியில் போட்டு அலுமினியத் தாளால் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் அது என் பையில் இருந்தது. பெயரில்லாத பொடியை டாக்டர் நோயாளிக்குக் கொடுப்பாரா? அதில் வேறு ஏதாவது கலந்திருந்தால்? இதெல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் என் காலை இழுத்துப் பிடித்தது வேறொன்று. பிடிபட்டால் வேலை போகும், அனுமதி போகும், மூட்டை கட்ட வேண்டும். நான் பயந்தேன். அதற்கு ஆராய்ச்சி நெறி என்று பெயர் வைத்துக்கொண்டேன். குப்பியைக் கழுவிவிட்டு, எங்கள் பேராசிரியரிடம் போய் முறையாக உதவி கேட்டேன்.

அவர் நல்ல மனிதர். எதிர்க் கட்டடத்தில் இருந்த ஒரு பெண் டாக்டரிடம் என்னைக் கையோடு அழைத்துப்போனார். தான் பார்க்காத நோயாளிக்கு எழுதித்தர அந்த டாக்டர் தயங்கினார். மதுரை ரிப்போர்ட்டை ஃபேக்ஸில் வரவழைக்கச் சொன்னார். அய்யனார் அதே பூத்திலிருந்து அனுப்பினார். பாதிப் பக்கம் கறுப்பாக வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாசித்துவிட்டு, சீட்டு எழுதித் தந்தார். மருந்துக்கடையில் வரவழைத்துக் கொடுக்க ஒரு நாள் ஆனது. வியாழக்கிழமை மாலை மாத்திரை என் கையில் இருந்தது. கடை மூடுவதற்குள் ஓடிப்போய் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் போட்டேன். திங்கட்கிழமை மதுரையில் கிடைத்துவிடும் என்றார்கள்.

5

வெள்ளிக்கிழமை செல்வியே பேசினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த ஃபோனுக்கு நான்தான் கூப்பிட்டேன். அய்யனார் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்.

"அண்ணே, ரொம்ப நேரம் பேச முடியாது. ஈறு கசியுது. வாயெல்லாம் உப்புக் கரிக்குது."

"பேசாத. நான் பேசுறேன், நீ கேளு."

"இல்ல, நான் ஒண்ணு கேக்கணும். அந்த மாத்திர உள்ள போயி என்ன செய்யும்? டாக்டர்ட்டக் கேட்டா, நல்லாயிரும்மாங்கிறாரு. நான் என்ன எல்கேஜி பிள்ளையா?"

நான் ஏற்பி, உட்கரு, மரபணு என்று சொல்லிக்கொண்டே போனேன். மூன்று வருஷமாக வெளிநாட்டுக்காரர்களிடம் சொன்னதை முதல் தடவையாகத் தமிழில் சொன்னேன். பாதி வார்த்தைகள் கிடைக்கவில்லை. அவளே எடுத்துக் கொடுத்தாள், அவள் நடத்துகிற பாடம்தானே.

"அப்ப இந்தச் செல்லுகெல்லாம் பெயிலான பிள்ளைகளா?" என்றாள். "மேல போகத் தெரியாம ஒரே வகுப்புல ஒக்காந்துக்கிட்டு, கூட்டம் மட்டும் சேந்துக்கிட்டே போகுது. ஒன் மாத்திர வந்து எல்லாத்தையும் பாஸ் போட்டு அனுப்பிரும். அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான்" என்றேன்.

"இத நேத்தே சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேன்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எம்புட்டு நாள்ல வரும்?"

"திங்கக்கெழம."

"சரி. அது வரைக்கும் இருக்கேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். பக்கத்தில் அய்யனார் "போதும், வா" என்பது கேட்டது. கவிதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் என்னமோ ஆட்டமாம், பச்சைப் பாவாடை வேண்டுமாம், எங்கள் அம்மாவிடம் ஞாபகப்படுத்தச் சொன்னாள். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அன்று சாயங்காலம் கிளம்புவதற்கு முன் ஒரு தட்டுச் செல்களுக்கு மருந்து கலந்து வைத்தேன். ஏற்கெனவே திட்டமிட்டிருந்த சோதனை. செல்வி சொன்னது ஞாபகம் வந்து சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

6

திங்கட்கிழமை காலை பார்சல் எங்கே இருக்கிறது என்று கேட்க கூரியர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். விமான நிலையத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை ஆய்வக எண்ணுக்குக் கூப்பிட்டார்களாம். சனிக்கிழமை அங்கே யார் இருப்பார்கள்?

ரயில் பிடித்து, இரண்டு மணி நேரம் பயணம் செய்து, சரக்குப் பிரிவைத் தேடிக் கண்டுபிடித்தேன். பெரிய கொட்டகை. ஆபத்தான பொருள்களுக்கென்று கம்பி வேலி போட்ட ஒரு மூலை. அதற்குள் பெயிண்ட் டப்பாக்களோடும் அமிலக் கேன்களோடும் செல்வியின் பெட்டி இருந்தது. செருப்புப் பெட்டி அளவுகூட இருக்காது. அங்கிருந்த அதிகாரி நான் எழுதிக் கொடுத்த படிவத்தை என் முன்னால் வைத்தார்.

உள்ளே என்ன இருக்கிறது என்ற இடத்தில், என் கையெழுத்தில், இங்கிலீஷில் எழுதியிருந்தது. கிஃப்ட், மெடிசின்.

அன்பளிப்பு என்று போட்டால் இந்தியாவில் சுங்கத்தில் சிக்காமல் போகும் என்று யாரோ எப்போதோ சொன்னது. அந்த அவசரத்தில் கை தானாக எழுதியிருக்கிறது. ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம். மூன்று வருஷமாக என் ஆய்வக அலமாரிகளில் மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே தினமும் நான் பார்க்கிற வார்த்தை. கவுண்டரில் இருந்தவர் படிக்காமல் முத்திரை குத்திவிட்டார். விமான நிலையத்தில் இருந்தவர் படித்துவிட்டார்.

"விஷமும் மருந்தும் ஒரே பெட்டியில் போக முடியாது" என்றார் அதிகாரி. கேலியாகச் சொல்லவில்லை. விதியைச் சொன்னார்.

நான் விளக்கினேன். என்ன மொழியில் விளக்கினேன் என்று இப்போது நினைவில்லை. நடுவில் தமிழும் வந்திருக்கும். அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். டாக்டரின் சீட்டைப் பார்த்தார், பெட்டியைப் பிரித்துப் பார்த்தார், அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு வேறு வார்த்தை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். எல்லாவற்றுக்கும் கால் மணி நேரம்தான் பிடித்தது. ஆனால் அன்றைய விமானம் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஏற்றுவதாகச் சொன்னார். ஏற்றவும் செய்தார்.

அய்யனாரிடம், "ஏர்போர்ட்ல லேட் பண்ணிட்டாங்க மாப்ள" என்றேன். ஜெர்மனிக்காரர்களே அப்படியா என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

7

செவ்வாய்க்கிழமை செல்விக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிளேட்லெட்டும் பிளாஸ்மாவும் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூட டீச்சர்கள் ஏழெட்டுப் பேர் வந்து ரத்தம் கொடுத்தார்களாம்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு நான் மைக்ராஸ்கோப் முன்னால் இருந்தேன். மருந்து கலந்த தட்டுக்கு ஐந்தாவது நாள். செல்கள் பெருகவில்லை. வெள்ளிக்கிழமை உருண்டையாக, முழு உட்கருவோடு இருந்தவை இப்போது உட்கரு மடிந்து, மடல் மடலாகப் பிரிந்து முதிர்ந்திருந்தன. புத்தகத்தில் போடுகிற படம் மாதிரி அவ்வளவு சுத்தம். பக்கத்தில் மருந்து கலக்காத தட்டில் அவை இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

ஃபோன் அடித்தது. பேராசிரியர் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மச்சான்" என்றார் அய்யனார். பின்னால் பஸ் சத்தம் கேட்டது. "தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருச்சாம். இப்பத்தான் போனா. அரை மணி நேரம் இருக்கும்."

நான் ஃபோனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

"பார்சல் நாளைக்கி வந்துரும்னு சொன்னீங்க" என்றார் கடைசியாக. "வந்தா நான் என்ன செய்ய?"

"டாக்டர்ட்டக் குடுத்துருங்க மாப்ள."

உடலை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி மறுநாள்தான் வந்தது. எனக்குப் பாஸ்போர்ட் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் வேலைக்குப் போய்ச் செல்களை எண்ணினேன். எண்கள் எல்லாம் நன்றாக வந்தன. அவற்றை வைத்து எழுதிய கட்டுரையைப் பாராட்டினார்கள். அதற்கடுத்த வருஷம் அந்த வேலையை விட்டுவிட்டு, குடிதண்ணீரைப் பரிசோதிக்கிற ஒரு ஆய்வகத்தில் சேர்ந்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் சம்பளம் என்றேன்.

8

செல்வி போய் நாலு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். அம்மா என்னைப் பார்த்து அழவில்லை. "அவ ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கவிதா என் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே அவளுக்கென்று வாங்கிய பொம்மை இருந்தது. வண்ணத்தாளில் சுற்றி, ரிப்பன் கட்டியிருந்தேன். என்னால் அதைக் கையில் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. நீயே எடுத்துக்கொள் என்றேன்.

அய்யனாரிடம் மூன்றாவது நாள் சொன்னேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏர்போர்ட்காரன் லேட் பண்ணல மாப்ள. நான்தான். கிஃப்ட்டுன்னு எழுதிட்டேன். அங்க அதுக்கு விஷம்னு அர்த்தம். நிறுத்தி வச்சுட்டாங்க."

வாளியைக் கீழே வைத்தார். "எம்புட்டு நேரம்?"

"மூணு நாளு. திங்கக்கெழம வந்திருக்க வேண்டியது."

"வந்திருந்தாப் பொழைச்சிருப்பாளா?"

"தெரியல. ரெண்டு நாளு மாத்திர உள்ள போயிருந்தா ரத்தக்கசிவு கொறைஞ்சிருக்கலாம். கொறையாமயும் இருந்திருக்கலாம். சத்தியமாத் தெரியல."

குப்பியைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத எங்கிட்டச் சொல்லி நீங்க எறக்கி வச்சுட்டீங்க மச்சான்" என்றார். "நான் யார்ட்டப் போயி எறக்குவேன்?"

வாளியை எடுத்து மீதிச் சக்கரங்களையும் கழுவி முடித்தார். மறுநாள் காலை வாசலில் வேன் ஹாரன் கேட்டது. "ஏறுங்க. கோரிப்பாளையம் போயிட்டு வருவோம்" என்றார்.

தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நிறுத்தினார். மாடியில் சின்ன வீடு. தையல் மிஷின், மேலே தைத்து அடுக்கிய நைட்டிகள். இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண் வந்து கதவைத் திறந்தாள். தலையில் முக்காடு. அது நழுவியபோது, முடி உதிர்ந்து புதிதாக அரை அங்குலம் முளைத்திருப்பது தெரிந்தது. பெயர் ஷம்ஷாத். கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். செல்விக்கு வந்த அதே நோய், செல்வி போன அதே வாரம், அதே டாக்டரிடம் வந்திருக்கிறாள். வியாழக்கிழமை பார்சலை அய்யனார் கொண்டுபோய்க் கொடுத்தபோது இவள் வெளியே பெஞ்சில் மூக்கில் ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் பெட்டியை அங்கேயே பிரித்து முதல் மாத்திரையைக் கொடுத்தாராம். கூடவே கீமோவும் கொடுத்திருக்கிறார்கள்.

"நாலாம் நாளே ரத்தம் நின்னுருச்சு அண்ணே" என்றாள். "இப்ப மஜ்ஜையில ஒண்ணுமே இல்லேன்னுட்டாரு டாக்டரு. இன்னும் ரெண்டு கோர்ஸ் எடுக்கணும். மாத்திர இப்ப மெட்ராஸ்லருந்தே வந்துருது."

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரியும். மடல் மடலாக மடிந்த உட்கருக்களை நான் பார்த்திருக்கிறேன். அது இந்தப் பெண்ணின் எலும்புக்குள் நடந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. எனக்கு வந்தது சந்தோஷமில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இது நீயாக இருந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்ததை எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவள் மாமியார் டீ கொண்டுவந்தார். அய்யனார் உள்ளே வரவில்லை. கதவில் சாய்ந்து கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா" என்றாள் ஷம்ஷாத். "தினம் தொழுதுட்டு அவங்களுக்காக துஆ கேக்குறோம். பேரு தெரியாமயே கேட்டுக்கிட்டிருக்கோம். டாக்டர்ட்டக் கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. இவரு வந்தா மாத்திரயப் பத்தி விசாரிப்பாரு, காய்கறி குடுப்பாரு, போயிருவாரு. அந்த அக்கா பேரு என்ன?"

அய்யனார் இங்கே வந்து போய்க்கொண்டிருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அதற்குள் கதவுப் பக்கமிருந்து அய்யனார் சொன்னார்.

"பாண்டிச்செல்வி. டீச்சரு."

அவள் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சரியாக வந்ததா என்று அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, வேனில் காய் வாடுது என்று சொல்லிப் படியிறங்கிப் போனார்.